பத்து வெள்ளியும் ஒரு கூரையும்

நெகிரி செம்பிலானில் நீலாய், செண்டாயான் பக்கம் போகிறவர்கள், முன்பு ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகளைக் காணலாம். மாடி வீடும் மலிவு விலை வீடும் ஒரே ஊரில் அமைந்தால், வசதியுள்ளவரும் இல்லாதவரும் சேர்ந்து வாழலாம். ஆனால், அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக மரம் சீவிய குடும்பத்திற்கு அங்கே ஒரு வீடு கிடைக்குமா? இக்கேள்வியின் வேரை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டவர் துன் வீ.தி. சம்பந்தன்.

1919 ஜூன் 16ஆம் நாள் பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை ரப்பர்த் தோட்ட உரிமையாளர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பியவர், 1955இல் ம.இ.கா.வின் ஐந்தாம் தலைவரானார், அமைச்சராகவும் பொறுப்பேற்றார்.

1957இல் நாடு விடுதலை பெற்றது. அக்காலத்தில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் பல கைமாறின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்றார்கள். லயத்து வீடு தோட்டத்திற்குச் சொந்தம். எனவே வேலை போன அன்றே பாட்டாளியின் கூரையும் போனது. பிள்ளையின் பள்ளியும், கும்பிட்ட கோயிலும் கூடவே போயின.

சம்பந்தன் கண்ட வழி எளியது. விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளியே வாங்கட்டும் என்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி. அதை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். அமைச்சராக இருந்தும் தோட்டம் தோட்டமாகச் சென்று உறுப்பினர்களைச் சேர்த்தார். அன்றைய கூலியில் பத்து வெள்ளி சிறு தொகையன்று. நம்பிக்கை இல்லாமல் எவரும் தரமாட்டார்கள். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். பின்னர் வேறு பல தோட்டங்களும் சேர்ந்தன.

எல்லாத் தோட்டங்களையும் அவரால் காப்பாற்ற முடியவில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டுறவின் கைக்கு வராத நிலங்களே மிகுதி. அந்நிலங்கள் சில பின்னாளில் நகரங்களாக மாறியபோது, லயத்தை விட்டுப் புறப்பட்டவர்கள் மாற்று வீட்டுக்காகப் பல காலம் போராட நேர்ந்தது.

1973இல் கட்சித் தலைமையை விட்ட சம்பந்தன், 1979 மே 18இல் மறைந்தார். சங்கத்தை அவர்தம் துணைவியார் தோபுவான் உமா சுந்தரி தொடர்ந்து வழிநடத்தினார்.

நம்மில் பலர் தோட்டப்புறத்தின் பேரப்பிள்ளைகள். நாளை திட்டமிடுநராக, வழக்கறிஞராக, பொறியாளராக வரவிருப்பவர்கள். ஒரு நிலத்தை மேம்படுத்த வரைபடம் விரியும்போது, அங்கே முன்பே குடியிருப்போரின் பெயர் அதில் எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். சம்பந்தன் அன்று அதைத்தான் கேட்டார்.