அக்காவும் தங்கச்சியும் முறை வைத்துப் படித்த கதை



மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லி எங்கள் குழு ஊக்குநர் கேட்டார். நான் பத்தாவது வரைதான் படித்தவள். மேரி கியூரி அம்மையார் ரேடியத்தைக் கண்டுபிடித்தவர், இரண்டு நோபல் பரிசு வாங்கியவர் என்று ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் பண்ணியதோடு சரி. இப்போது நூலகத்தில் அவர் வாழ்க்கைப் புத்தகத்தை எடுத்துப் படித்தபோதுதான், நம்ம குழுவில் நடக்கிற சேமிப்பு, கடன், தவணை, தீர்மானம் எல்லாமே அவர் வாழ்க்கையிலும் இருந்தது தெரிந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

அவர் பிறந்தது 1867 நவம்பர் 7. ஊர் போலந்து நாட்டில் வார்சா. வீட்டில் வைத்த பெயர் மரியா. அஞ்சு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா வாத்தியார், அம்மா ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. மரியாவுக்குப் பத்து வயசு இருக்கும்போது காசநோயில் அம்மா போய்விட்டார். அதற்கு முன்னாலேயே மூத்த அக்காவும் காய்ச்சலில் இறந்துபோனார். அப்போது அந்த ஊர் ரஷ்யாக்காரர்கள் ஆட்சியில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தாய்மொழியில் படிக்க விடவில்லை. மரியா 1883-ல் தங்கப் பதக்கத்தோடு பள்ளிப் படிப்பை முடித்தார். ஆனால் அங்கே பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். படிக்கணும் என்றால் பிரான்சு நாட்டுப் பாரிசுக்குத்தான் போகணும். அப்பா சம்பளத்தில் அது முடியாது.

மரியாவுக்குப் புரோனியா என்று ஒரு அக்கா. அவருக்கு டாக்டர் ஆகணும் என்று ஆசை. இரண்டு பேருக்கும் ஆசை இருந்தது, ஒருத்தர் செலவுக்குக்கூடக் காசு இல்லை. அப்போது தங்கச்சிதான் ஒரு வழி சொன்னார். முதலில் அக்கா பாரிசுக்குப் போய்ப் படிக்கட்டும், நான் வேலைக்குப் போய்ப் பணம் அனுப்புகிறேன், அக்கா டாக்டர் ஆனதும் என்னைக் கூப்பிட்டுப் படிக்க வைக்கட்டும் என்று பேசிக்கொண்டார்கள். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. இரண்டு பேரே சேர்ந்த ஒரு குழு என்றுதான் எனக்குத் தோன்றியது.

மரியா 1886-ல் ஒரு பண்ணைக்காரர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற வேலைக்குப் போனார். சுற்றிலும் சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு வயல். சம்பளத்தில் ஒரு பங்கு மாசாமாசம் அக்காவுக்குப் போனது. அந்த வீட்டு மூத்த மகனுக்கும் இவருக்கும் ஒருத்தர் மேல் ஒருத்தருக்கு விருப்பம் வந்தது. சம்பளத்துக்கு வந்த ஏழைப் பெண்ணை மருமகளாக எடுக்க முடியாது என்று பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். அவமானத்தை விழுங்கிக்கொண்டு மரியா அதே வீட்டில் வேலையைத் தொடர்ந்தார். விட்டுவிட்டு வந்தால் அக்காவுக்குப் பணம் போகாதே! வேலை நேரம் போக, அந்த ஊர் விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுதப் படிக்கவும் ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தார்.

அக்கா பேச்சு மாறவில்லை. படிப்பு முடிகிற நேரத்தில் தங்கச்சியைக் கூப்பிட்டார். 1891-ல், 24 வயசில், மரியா ரயில் ஏறிப் பாரிசு போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் பெயர் மேரி ஆனது. கொஞ்ச நாள் அக்கா வீட்டில் இருந்தார். பிறகு கல்லூரிக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு சின்ன அறை எடுத்துத் தங்கினார். குளிருக்குக் கரி வாங்கக் காசு போதாது. சரியாகச் சாப்பிடாமல் ஒருநாள் மயங்கியே விழுந்துவிட்டார். அக்கா வீட்டுக்காரர், அவரும் டாக்டர், வந்து பார்த்து வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டுத் தேற்றினார்கள். 1893-ல் இயற்பியல் பட்டப் படிப்பில் முதலாவதாக வந்தார். அடுத்த வருசம் கணக்கில் இரண்டாவது.

நடுவில் 600 ரூபிள் உதவித்தொகை ஒன்று கிடைத்தது. திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணம். ஆனாலும் முதலில் சம்பாதித்த பணத்திலிருந்து அதைத் திருப்பிக் கட்டினார். தன்னைப் போல இன்னொரு ஏழைப் பிள்ளைக்கு அந்தப் பணம் போகட்டும் என்பது அவர் எண்ணம். கொடுத்தவர்களே ஆச்சரியப்பட்டுப் போனார்களாம். வாங்கின கடனையே ஆறு தடவை கேட்டு வாங்குகிற நமக்கு இது எப்படித் தெரியும்!

1895-ல் பியரி கியூரி என்கிற விஞ்ஞானியைக் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணம் ஆனதும் ஒரு நோட்டு வாங்கி வீட்டு வரவு செலவு எழுத ஆரம்பித்தார். 1897-ல் மூத்த மகள் ஐரீன் பிறந்தாள். மாமனார் வந்து பேத்தியைப் பார்த்துக்கொண்டதால்தான் மருமகளால் ஆராய்ச்சிக்குப் போக முடிந்தது.

யுரேனியம் என்கிற பொருளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் வருகிறது என்று பெக்கரல் என்பவர் 1896-ல் கண்டுபிடித்திருந்தார். மேரி அதை மேலும் ஆராய்ந்தார். யுரேனியம் எடுக்கிற கல்லில், யுரேனியத்தைவிட அதிகமாகக் கதிர் வருவதைப் பார்த்தார். அப்படியானால் உள்ளே வேறு ஏதோ இருக்கணும். கணவனும் மனைவியும் சேர்ந்து தேடி, 1898-ல் இரண்டு புதுப் பொருள்களை அறிவித்தார்கள். ஒன்றுக்குத் தன் தாய்நாட்டுப் பெயரை வைத்துப் பொலோனியம் என்றார் மேரி. இன்னொன்று ரேடியம்.

ஆனால் கண்ணில் காட்டினால்தானே உலகம் நம்பும்? மழைக்கு ஒழுகுகிற ஒரு பழைய கொட்டகையில், டன் கணக்கில் கல்தூளைக் காய்ச்சி, தன் உயரத்துக்கு இருக்கிற இரும்புக் கம்பியால் கிண்டினார். கல்யாண வீட்டு அண்டாவைக் கிண்டினவர்களுக்கு அந்தக் கைவலி தெரியும். நாலு வருசம் பாடுபட்டு 1902-ல் கிடைத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு.

1903-ல் நோபல் பரிசு. முதலில் பியரி, பெக்கரல் இரண்டு பேர் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். விசயம் தெரிந்து பியரி எழுதிக் கேட்ட பிறகே மேரி பெயரும் சேர்ந்தது. ரேடியத்தைப் பிரிக்கிற வழிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தால் பணம் கொட்டியிருக்கும். அறிவு எல்லாருக்கும் பொது என்று இரண்டு பேரும் அதை வாங்கவில்லை.

1906-ல் ஒரு மழைநாளில் குதிரைவண்டி ஏறிப் பியரி இறந்தார். இரண்டு பெண் குழந்தைகள், சின்னவள் ஈவுக்கு ஒன்றரை வயசுகூட ஆகவில்லை. மேரி உடைந்துபோனார். ஆனாலும் கணவர் பாடம் நடத்திய இடத்தில் போய் நின்றார். அந்தப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய முதல் பெண் அவர்தான். 1911-ல் இரண்டாவது நோபல் பரிசும் வந்தது. முதல் உலகப் போரில் வண்டியிலேயே எக்ஸ்ரே கருவியைப் பொருத்திக் காயம்பட்டவர்களிடம் கொண்டுபோனார். சுமார் 150 பெண்களுக்கு எக்ஸ்ரே எடுக்கப் பயிற்சியும் கொடுத்தார்.

போருக்குப் பிறகு ரேடியம் புற்றுநோய் வைத்தியத்துக்குப் பயன்பட்டது. விலை ஒரு கிராம் ஒரு லட்சம் டாலர். கண்டுபிடித்தவராலேயே ஆராய்ச்சிக்கு இன்னொரு கிராம் வாங்க முடியவில்லை. இதைக் கேள்விப்பட்ட மெலோனி என்கிற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியை, அந்த நாட்டுப் பெண்களிடம் நிதி கேட்டார். பெண்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணம் ஒரு வருசத்துக்குள் சேர்ந்துவிட்டது! 1921 மே 20 அன்று அமெரிக்க அதிபர் கையால் மேரி அதைப் பெற்றார்.

அதற்கு முதல்நாள் ராத்திரி பத்திரத்தைப் படித்துப் பார்த்தார் மேரி. ரேடியம் அவர் பெயருக்குத் தருவதாக இருந்தது. தான் இறந்தால் இது மகள்களின் சொத்தாகிவிடும், ஆராய்ச்சிக் கூடத்துக்குத்தான் சேரணும் என்று சொல்லி, காலை வரைக்கும்கூடப் பொறுக்காமல் அந்த ராத்திரியே வக்கீலை வரவழைத்து மாற்றி எழுத வைத்தார். தீர்மானப் புத்தகத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற நாம் எல்லாரும் இதைக் கவனிக்கணும்.

1929-ல் அமெரிக்கப் பெண்கள் மறுபடியும் பணம் சேர்த்தார்கள். அதில் வாங்கிய ரேடியத்தை மேரி தான் பிறந்த வார்சாவுக்குக் கொடுத்தார். அங்கே 1932-ல் ரேடியம் நிலையம் திறந்தது. அதன் முதல் இயக்குநர் யார் தெரியுமா? அக்கா புரோனியாதான்.

அந்தக் கதிர் உடம்புக்குக் கெடுதல் என்று அந்தக் காலத்தில் சரியாகத் தெரியாது. ரேடியக் குழாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நடந்தார். ரத்தம் ஊறாத நோய் வந்து 1934 ஜூலை 4 அன்று இறந்தார். அவர் எழுதிய நோட்டுகளில் இன்னும் கதிர் இருப்பதால் ஈயப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அடுத்த வருசமே மகள் ஐரீனும் கணவரோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அக்கா எட்டாவதோடு நின்று மில் வேலைக்குப் போனதால்தான் நான் பத்தாவது முடித்தேன். என் நோட்டும் சீருடையும் அக்கா சம்பளம். அக்காவுக்கு முறை வரவே இல்லை, நானும் கேட்டதில்லை. இரண்டு பேரையும் இதே ஊரில்தான் கட்டிக் கொடுத்தார்கள், ஒரே குழுவில்தான் இருக்கிறோம். தையல் மிஷின் வாங்கணும் என்பது அக்காவுக்கு ரொம்ப நாள் ஆசை.

அடுத்த உள்கடன் என் முறை. அதை அக்காவுக்கு மாற்றித் தரச் சொல்லி வருகிற கூட்டத்தில் கேட்கப் போகிறேன். தவணையில் பாதி நான் கட்டுவேன் என்று தீர்மானத்தில் எழுதவும் சொல்லுவேன். அக்காவுக்கு இன்னும் தெரியாது. கூட்டத்துக்கு முன்னால் இந்த மலர் வந்துவிட்டால், இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.