ஷேக் சின்ன மௌலானா: ஒலிப்பதிவுகளில் வாழும் ஒரு முன்னுதாரணம்

வன்னியில் கோவில் திருவிழா என்றால் ஒலிபெருக்கியில் நாதஸ்வர இசை ஒலிப்பது நெடுங்கால வழக்கம். அவ்வாறு ஒலித்துவந்த பதிவுகளில் ஷேக் சின்ன மௌலானாவின் வாசிப்பும் அடங்கும். வாசிப்பவர் ஓர் இஸ்லாமியர் என்பதை அறிந்தோரும் உண்டு, அறியாதோரும் உண்டு. இரு சாராருமே அந்த இசையை மங்கல இசையாகவே ஏற்றுக்கொண்டனர்.

இன்றைய ஆந்திர மாநிலத்தின் ஒங்கோல் நகருக்கு அண்மையிலுள்ள கரவதி கிராமத்தில் 1924ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி அவர் பிறந்தார். ஆந்திரக் கரையோரத்தில் முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளாகக் கோவில்களில் நாதஸ்வரம் வாசித்து வருகின்றன. அத்தகைய குடும்பமொன்றைச் சேர்ந்த சின்ன மௌலானா, தந்தை காசிம் சாகிபிடம் ஆரம்பப் பயிற்சி பெற்று, பின்னர் சிலகலூரிப்பேட்டை ஆதம் சாகிபிடம் கற்றுத் தேர்ந்தார்.

பிறந்த மண்ணின் வாசிப்பு முறையோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால் இராகத்தை ஆற அமர விரித்துச் செல்லும் தஞ்சாவூர்ப் பாணி அவரை ஈர்த்தது. அதன் சிகரமாக விளங்கிய திருவாவடுதுறை ராஜரத்தினம்பிள்ளையின் வாசிப்பில் அவருக்கிருந்த ஈடுபாடு அளப்பரியது. அந்தப் பாணியை முறையாகக் கற்பதற்காக நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். மொழியாலும் மதத்தாலும் வேறுபட்ட ஒருவருக்குத் தமது வித்தையை வழங்கிய அந்த ஆசிரியர்களின் பெருந்தன்மையும் இங்கு நினைவுகூரத்தக்கது.

பின்னர் திருவரங்கத்தையே வாழ்விடமாக்கிக்கொண்டார். 1982இல் அங்கு சாரதா நாதஸ்வர சங்கீத ஆச்சிரமத்தை நிறுவி மாணவர்களுக்குப் பயிற்சியளித்தார். இலங்கை ரசிகர்களும் அவரது கச்சேரிகளை நேரில் கேட்கும் வாய்ப்பைப் பெற்றனர். பத்மஸ்ரீ விருதும், 1998இல் சென்னை மியூசிக் அக்கடமியின் சங்கீத கலாநிதி விருதும் அவரைத் தேடி வந்தன. 1999 ஏப்ரலில் அவர் மறைந்தார். அவரது பேரர்களான காசிம், பாபு ஆகியோர் அந்த மரபைத் தொடர்ந்தனர்.

அவரது இசையை எமது வீடுகளுக்குக் கொண்டுவந்தவை இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களுமாகும். போரும் இடப்பெயர்வும் அவற்றையும் விட்டுவைக்கவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், வீடு, வாசல், தொழில் அனைத்தையும் இழந்து புத்தளம் உள்ளிட்ட பகுதிகளில் தஞ்சமடைந்தனர். 2009இல் வன்னித் தமிழ் மக்கள் உயிர்களையும் உடைமைகளையும் முள்ளிவாய்க்கால் மண்ணில் பறிகொடுத்தனர். இவ்விரு பேரிழப்புகளுக்கு முன்னால் ஒலிநாடாக்களின் இழப்பு மிகச் சிறியதே. எனினும் ஒரு சமூகத்தின் நினைவு இத்தகைய சிறு பொருட்களிலேயே தங்கியிருக்கின்றது.

பழைய பதிவுகள் இறுவட்டுகளாகவும் இணையத்தின் வழியாகவும் மீண்டும் கிடைப்பது ஆறுதலளிக்கின்றது. இழந்த பதிவுகள் திரும்பியதைப் போன்று இழந்த அயலுறவு தானாகத் திரும்பிவிடாது. மீள்குடியேற்றம், காணி, வாழ்வாதாரம் ஆகிய பிரச்சினைகளுக்கு நாதஸ்வரம் தீர்வாகாது. அவற்றை நீதியின் அடிப்படையிலேயே தீர்க்க வேண்டும். ஆயினும், நீதியைப் பற்றிப் பேச அமரும் இரு தரப்பினரும் ஒருவரையொருவர் அந்நியராக நோக்காதிருக்க வேண்டுமாயின், பொதுவான நினைவுகள் அவசியமாகின்றன.

தன் மார்க்கத்தைக் கைவிடாமலே கோவில் இசையின் உச்சத்தைத் தொட்டார் சின்ன மௌலானா. அவரை ஏற்றுக்கொண்டதால் கோவில்கள் எதையும் இழந்துவிடவில்லை. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வளரும் தமிழ், முஸ்லிம் மாணவர்களுக்கு இந்த வாழ்க்கை வரலாறு சொல்லிக் கொடுக்கப்பட வேண்டும். வீடுகளில் எஞ்சியிருக்கும் பழைய ஒலிநாடாக்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் பணியைப் பாடசாலைகளும் நூலகங்களும் காலந்தாழ்த்தாது ஆரம்பிப்பது நன்று.