க. அயோத்திதாச பண்டிதர் ஜீவிய சரித்திரச் சுருக்கம்

தென்னாட்டில் பௌத்த தன்மம் மறைந்து, அதன் பள்ளிகள் பாழ்பட்டு, அதன் நூல்கள் பிறர் கைப்பட்டுப் பல நூற்றாண்டுகள் கழிந்தபின், அத்தன்மத்தை ஏழை எளியோரின் குடிசை வாயிலிற் கொணர்ந்து நிறுத்திய பெரியார் க. அயோத்திதாச பண்டிதர் ஆவார். அன்னாரின் சரித்திரத்தை நம் அன்பர்கள் பலர் முன்னரே கேட்டறிந்திருப்பர். ஆயினும், பிழைப்பு நாடிப் பிறந்த ஊரை விட்டகன்ற மக்களுக்கு அப்பெரியார் செய்த உபகாரம் இன்னதென்பதை முன்வைத்து அச்சரித்திரத்தை ஈண்டு ஒருமுறை நோக்குதல் நலமென்று கருதுகிறோம். பெங்களூரில் வாழும் தமிழ்ப் பௌத்தராகிய நம்மிற் பெரும்பாலோர் அங்ஙனம் அகன்று வந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே அன்றோ?

பிறப்பும் கல்வியும்

பண்டிதர் 1845-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் கந்தசாமி என்பாரின் குமாரராய்ப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பனார், ஆரிங்டன் என்னும் ஆங்கிலத் துரையிடம் பட்லராய் உத்தியோகம் பார்த்தவர். திருக்குறள், நாலடி நானூறு ஆகிய நூல்களின் ஓலைச்சுவடிகளை அவர் தம் துரையின் வாயிலாக எல்லிஸ் துரைக்கு அளித்தார் என்று பண்டிதரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். துரையின் மேசைக்கு உணவு கொண்டு சென்ற கரமே வள்ளுவரின் ஓலையையும் ஏந்திச் சென்றது. கல்விக்கு உரியரல்லர் என்று ஊரார் ஒதுக்கிய குடும்பத்தில் கல்வி காக்கப்பட்டிருந்தது என்பதை அன்பர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். பண்டிதரின் பிற்கால ஆராய்ச்சிகள் அனைத்திற்கும் இதுவே வித்து.

குடும்பம் நீலகிரியிற் குடியேறியது. இளமையிலேயே தமிழ் இலக்கண இலக்கியங்களையும் சித்த வைத்தியத்தையும் பழுதறக் கற்ற காத்தவராயன், தமக்குக் கல்வி புகட்டிய அயோத்திதாச கவிராஜ பண்டிதரிடம் கொண்ட அன்பின் மிகுதியால் அவர் பெயரையே தம் பெயராகச் சூட்டிக்கொண்டார். வைத்தியமே அவருக்குச் சீவனத் தொழிலாயிற்று. நோயாளியின் நாடியைப் பிடித்து, நோயின் மூலம் யாதென்று தேடிய அப்பழக்கம், சமூகத்தின் நோயை நாடியபோதும் அவரை விட்டு நீங்கவில்லை.

ஊர் விட்டகன்ற மக்கள்

பண்டிதர் வளர்ந்த காலம், தமிழ் ஏழைகள் திசையெங்கும் சிதறிய காலமாகும். 1860-இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு முதற் கப்பல் கூலிகளை ஏற்றிச் சென்றது. இலங்கையின் காப்பித் தோட்டங்களும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களும், பர்மாவின் அரிசி ஆலைகளும், மலேயாவின் தோட்டங்களும் ஆள் கேட்டன. தாது வருஷத்தில் தொடங்கி 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணமும் மைசூர் இராச்சியமும் பாழாயின. பல இலட்சம் மக்கள் மாண்டனர். எஞ்சியோரில் நிலமற்றவர்கள் கங்காணியின் பின்னே நடந்தனர்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார் தங்கச் சுரங்கங்களை நடத்தப் புகுந்தபோது, வடஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து ஒடுக்கப்பட்ட தமிழர் குடும்பம் குடும்பமாய் அங்கே சென்றனர். 1809-இல் அமைந்த பெங்களூர்த் தண்டுக்கும், 1884 முதல் இந்நகரத்தில் எழுந்த நூலாலைகளுக்கும் இங்ஙனமே மக்கள் வந்தனர்.

ஊரை விட்டால் இழிவும் விடும் என்று நம்பினர். ஒருவாறு அது மெய்யே. சுரங்கத்திற் கூலி காசாகக் கிடைத்தது. பண்ணையாரின் சாட்டை அங்கே எட்டவில்லை. ஆயினும் துரைக்கு அவர் கூலி, உடன் வந்த சாதியாருக்கு அவர் பறையர், உள்ளூராருக்கு அவர் அந்நியர். ஓர் இழிவிலிருந்து தப்பியவர் மூன்று இழிவுகளுக்கிடையே நின்றார். இந்நிலையைக் கண்ட பண்டிதர், வயிற்றுக்குக் கஞ்சி தேடுவதோடு மனிதனுக்கு ஒரு நற்பெயரும் தேடுதல் வேண்டுமென்று துணிந்தார்.

சபைகளும் விண்ணப்பங்களும்

1870களில் நீலகிரியில் அத்வைதானந்த சபையை நிறுவி, எல்லா உயிரும் ஒன்றே என்னும் வேதாந்தத்தால் சாதி ஒழியுமென்று முதலில் அவர் நம்பினார். 1881-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது, தாழ்த்தப்பட்ட இம்மக்களைப் பூர்வத்தமிழர் என்று பதிதல் வேண்டுமென்று வற்புறுத்தினார். 1885-இல் பாதிரியார் ஜான் இரத்தினம் அவர்களோடு சேர்ந்து திராவிட பாண்டியன் என்னும் பத்திரிகையை வெளியிட்டார். 1891-இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார்.

1892-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் மகாஜன சபையாரின் கூட்டம் கூடிற்று. தேசத்தின் குறைகளை அரசாங்கத்திற்கு எடுத்துரைக்கக் கற்றோரும் செல்வரும் அங்கே குழுமினர். நீலகிரியிலிருந்து சென்ற பண்டிதர் எழுந்து, எல்லாருக்கும் பொதுவென்று கூறப்படும் சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் தம் மக்களை ஏன் விடலாகாது என்று வினவினார். மதுரை வீரன், காட்டேரி முதலிய தெய்வங்களே அம்மக்களுக்கு உரியவை என்று சபையில் விடை கிடைத்தது. தேசத்தின் பெயரால் துரைத்தனத்தாரிடம் உரிமை கேட்க வந்தவர்கள், தம் அண்டை வீட்டானுக்கு உரிமை இல்லையென்று கூறினர். வேதாந்தத்தாற் சாதி ஒழியுமென்று நம்பியிருந்த உள்ளம் அன்று எத்துணை நொந்திருக்கும் என்பதை அன்பர்களே உணர்வர்.

தன்மம் ஏற்றல்

கர்னல் ஆல்காட் துரை 1894-இல் அடையாற்றில் பஞ்சமர்க்கென ஓர் இலவசப் பாடசாலையைத் தொடங்கியிருந்தார். அவருடைய துணையோடு பண்டிதர் 1898-இல் கொழும்பு சென்று, வித்தியோதய பிரிவேனையின் தலைவராயிருந்த சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். அவ்வாண்டே சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவப்பட்டது. அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் 1956-இல் தீட்சை பெறுதற்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தது இது.

பண்டிதர் தன்மத்தைப் புதியதொரு மதமாகக் கருதவில்லை. இழந்த தாய்வீடாகவே கருதினார். இழிந்தோர் எனப்பட்ட இம்மக்கள் முற்காலத்தில் பௌத்தராய் விளங்கியவர். அறத்தைக் கைவிடாமையாலேயே பகைவரால் தாழ்த்தப்பட்டவர் என்பது அவர் கண்ட முடிவு. இந்திரர் தேச சரித்திரம் என்னும் நூலில் இதனை விரித்துரைத்தார். இம்முடிவின் பகுதிகள் சிலவற்றை ஆராய்ச்சியாளர் ஏற்பர், சிலவற்றை மறுப்பர். வேறு சான்றுகளைக் கொண்டு அண்ணல் அம்பேத்கரும் 1948-இல் இதனையொத்ததொரு முடிவுக்கு வந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இதன் பயன் யாதெனின், கூறுதும். பகவன் உபதேசித்த பன்னிரு நிதானங்களின் கருத்து, எப்பொருளும் ஒரு சார்பினால் தோன்றுவது, அச்சார்பு நீங்கின் அதுவும் நீங்குவது என்பதாம். பிறவியிலேயே ஒருவன் இழிந்தவன் என்றால் அதற்கு மருந்தில்லை. இழிவு ஒரு காலத்தில், சிலரால், ஒரு காரணம் பற்றிச் செய்யப்பட்டது என்றால், அதனைக் களையலாம். யாம் நூலாலையில் பணி செய்த காலத்தில், இயந்திரத்தை வைதுகொண்டு நிற்பவனை எவரும் தொழிலறிந்தவன் என்று கூறார். இழை அறுந்த இடத்தைக் கண்டு, முறுக்கிச் சேர்ப்பவனே தொழிலறிந்தவன். பண்டிதர் நம் குலத்தின் இழை அறுந்த இடத்தைத் தேடினார்.

தமிழன்

1907-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19-ஆம் நாள் புதன்கிழமையன்று ஒரு பைசாத் தமிழன் என்னும் வாரப் பத்திரிகை இராயப்பேட்டையிலிருந்து வெளிவந்தது. ஏழையும் வாங்கிப் படித்தற்கு ஏற்ற விலையையே பெயரில் வைத்தார் பண்டிதர். மறு ஆண்டு அது தமிழன் என்னும் பெயர் பெற்றது. எழுத்தறியாத தொழிலாளர் நடுவே எழுத்தறிந்த ஒருவர் அமர்ந்து உரக்கப் படிக்க, மற்றையோர் கேட்பர். சென்னை, பெங்களூர், தங்கவயல் ஆகிய இடங்களில் மட்டுமன்றி, இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாழ்ந்த தமிழர் கைக்கும் அஃது எட்டியது. அவ்விடங்களிற் சங்கக் கிளைகளும் தோன்றின. கடலாற் பிரிக்கப்பட்ட மக்களை அந்த ஏழைப் பத்திரிகை ஒரு குடும்பமாய்ச் சேர்த்தது.

அக்காலத்தில் ட்ரான்ஸ்வால் நாட்டில் இந்தியரை வெள்ளையர் அவமதிப்பது குறித்து இங்குள்ள தலைவர்கள் கொதித்தெழுந்தனர். அக்கொதிப்பைக் கண்ட பண்டிதர் அவர்களை நோக்கி ஒரு வினா எழுப்பினார். அயல் நாட்டான் நம்மைத் தெருவில் நடக்கவிடாதது கொடுமையாயின், சொந்த நாட்டில் ஆறு கோடி மக்களைக் கிணற்றண்டையும் தெருவிலும் விடாத நாம் யாது கூறப் போகிறோம் என்பதே அவ்வினாவின் கருத்து. ட்ரான்ஸ்வாலிற் செய்யப்படுவது நியாயமென்பது அவர் கருத்தன்று. ஓரிடத்துக் கொடுமையைக் கண்டு அழும் கண், மற்றோரிடத்துக் கொடுமையைக் காணாதிருக்குமாயின், அக்கண்ணீரில் அறமில்லை என்பதே அவர் உணர்த்தியது.

தங்கவயல் அன்பர்கள்

பண்டிதரின் பணியைத் தோள்கொடுத்துத் தாங்கியவர்களுள் கோலார் தங்கவயல் தொழிலாளர் முதன்மையானோர். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும் சங்கங்கள் எழுந்தன. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. அதனால் சுரங்கத்து இயந்திரங்கள் ஓடின. 1905-இல் பெங்களூர் வீதிகளும் ஒளி பெற்றன. பொன்னை வெட்டியவரோ தட்டிக் குடிசைகளில் அகல் விளக்கொளியில் இருந்தனர். அவ்வொளியிலேயே தமிழன் படிக்கப்பட்டது. பூமிக்கடியில் உயிரைப் பணயம் வைத்து ஈட்டிய கூலியிற் சிறிது பிரித்துச் சங்கத்திற்குக் கொடுத்தனர். எம். ஒய். முருகேசர், ஜி. அப்பாதுரையார் போன்ற செயல்வீரர் அவ்வயலில் தோன்றினர். பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றின் கிரியைகள் பௌத்த முறையில் நடைபெறலாயின. அயலிடத்தில் இறந்தால் நம்மை அடக்கம் செய்ய யார் உளர் என்று அஞ்சியிருந்த மக்களுக்குச் சங்கமே உறவாயிற்று.

முடிவும் மறதியும்

பண்டிதர் 1914-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் காலமானார். அவருக்குப்பின் தமிழன் சில காலத்தில் நின்றது. 1920களில் தங்கவயல் அன்பர்களே அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு அதனை மீண்டும் நடத்தினர். பின்னர் நாட்டு வரலாறு எழுதியோர் பண்டிதரை ஏறத்தாழ மறந்தே போயினர். 1999-இல் ஞான. அலாய்சியஸ் அவர்கள் அவர் எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்ட பின்னரே கற்றோர் உலகம் விழித்தது. 2005-இல் மத்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. தாம்பரம் சித்த மருத்துவ நிறுவனத்து மருத்துவமனையும் அவர் பெயர் பெற்றது. 2023-இல் சென்னையில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவ்வெழுத்துகளை அதுகாறும் அழியாமற் பாதுகாத்தவர் பெரும்பாலும் ஏழைப் பௌத்தக் குடும்பத்தினரே. பாட்டனார் ஓலையைக் காத்தார்; தொழிலாளர் தாளைக் காத்தனர்.

நாம் செய்யத்தக்கது

பண்டிதர் மறைந்தபின் ஊர் விட்டகன்றோர் பட்ட துயரம் குறைந்ததில்லை. இலங்கையில் தோட்டத் தமிழர் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்தனர். 2001 பிப்ரவரியில் தங்கவயற் சுரங்கங்கள் மூடப்பட, மூன்று நான்கு தலைமுறைகள் உழைத்த குடும்பத்தார் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி தேடி வரலாயினர். 1991 டிசம்பரில், காவிரி குறித்த இடைக்கால உத்தரவை ஒட்டிய கலவரத்தில், இந்நகரத்துத் தமிழ் ஏழைகளின் குடிசைகள் எரியுண்டன. ஆயிரமாயிரம் பேர் மூட்டை முடிச்சுகளோடு எல்லை கடந்தனர். அந்நாட்களில் தமிழருக்கு அடைக்கலம் தந்த கன்னடக் குடும்பங்களும் உண்டு; அவர்களை நன்றியோடு நினைத்தல் நம் கடன்.

இனி, நம்மை நாமே ஒரு கேள்வி கேட்போமாக. இன்று ஒரிசா, பீகார், வங்காளம், அசாம் முதலிய நாடுகளிலிருந்து ஏழைகள் இந்நகருக்கு வருகின்றனர். மாடி மேல் மாடி எழுப்பும் அவர்கள் தகரக் கொட்டகையில் உறங்குகின்றனர். 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் அவர்கள் கூலியின்றித் தவித்தனர். ஊர் திரும்புதற்கு ஏற்பாடான சிறப்பு இரயில்களை மே மாதத்தில் மாநில அரசு நிறுத்தியது. கண்டனம் எழுந்தபின்னரே மீண்டும் விட இசைந்தது. வேலைக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு மதிப்பு வேண்டாம் என்னும் பழைய கங்காணி நியாயம் இன்னும் மாளவில்லை என்பதற்கு இது சான்று. இம்மக்களை நம் தெருக்களிலேயே சிலர் அழுக்கர் என்றும் திருடர் என்றும் பேசக் கேட்கிறோம். நம் பாட்டன்மாரைக் குறித்து இதே தெருக்களிற் பேசப்பட்ட சொற்களே இவை. விக்டோரியா மண்டபத்திற் பண்டிதருக்குக் கிடைத்த விடையை நாம் வேறொருவனுக்குக் கொடுப்போமாயின், அவர் படத்திற்கு மாலையிடுதலாற் பயனில்லை.

ஆதலின் அன்பர்களே! நம் சங்கங்களின் மாலைப் பாடசாலையில் அயல்மொழிப் பிள்ளைக்கும் ஒரு பலகை இடுங்கள். நோயுற்ற அயலூர்த் தொழிலாளியை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல ஒருவர் எழுந்து செல்லுங்கள். கூலி மறுக்கப்பட்டவனுக்கு மனு எழுதிக் கொடுங்கள். உறவற்ற இடத்தில் இறந்தவனுக்கு, மாரிக்குப்பத்தார் நம்மவர்க்குச் செய்தது போல், உறவாய் நின்று கிரியை செய்யுங்கள். இழிவுக்குச் சார்பாய் நிற்பன அறியாமையும் அகந்தையும். அவை பிறர் உள்ளத்தில் மட்டுமன்று, நம் உள்ளத்திலும் நீங்குதல் வேண்டும். அதுவே பண்டிதர் ஏற்ற பஞ்சசீலத்தின் பொருள்.

சகல ஜீவர்களும் துக்கம் நீங்கி வாழ்வாராக. நமோ புத்தாய.