கல்லில் குலம் எழுதிய காவலன்

செஞ்சியைச் சூழ்ந்த நிலம் குன்றுகளின் நிலம். அக்குன்றுகளுள் கோட்டையால் பெயர் பெற்றவை சில. தவத்தால் பெயர் பெற்றது திருநாதர்குன்று. கற்கோயிலால் பெயர் பெற்றது பனமலை. ஏரிக்கரையில் எழுந்து நிற்கும் அம்மலைமீது தாளகிரீசுவரர் கோயிலை எடுப்பித்தவன் இரண்டாம் நரசிம்மவர்மன் என்னும் இராசசிம்ம பல்லவன். தாளம் என்னும் வடசொல் பனையைக் குறிக்கும். ஆதலின் தாளகிரி என்பதும் பனமலை என்பதும் ஒன்றே.

இராசசிம்மன் முதலாம் பரமேசுவரவர்மனின் மைந்தன். தந்தையின் காலம் போர்க்காலம். சளுக்கிய விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைக்கொண்டான். பரமேசுவரவர்மன் தளராது படை திரட்டிப் பெருவளநல்லூரில் வென்றான். தலைநகர் பகைவர் கைப்பட்டதையும் மீண்டதையும் கண்ட குடியில் வளர்ந்தவன் இராசசிம்மன். ஏறத்தாழ கி.பி. 700 முதல் 728 வரை அவன் ஆண்ட காலத்தில் பெரும்பாலும் அமைதி நிலவியது. அவ்வமைதியை அவன் கல்லுக்குச் செலவிட்டான்.

பல்லவர்க்குக் கற்பணி புதிதன்று. நான்கு தலைமுறைக்கு முன் வாழ்ந்த முதலாம் மகேந்திரவர்மன் செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிக் குன்றைக் குடைந்து மண்டகப்பட்டில் கோயில் கண்டான். மலையே கோயிலான காலம் அது. இராசசிம்மனோ கல்லை வெட்டி அடுக்கி, வேண்டிய இடத்தில் கோயில் எழுப்பும் முறையைப் பெருவழக்காக்கினான். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும், காஞ்சிக் கைலாசநாதர் கோயிலும், பனமலைக் கோயிலும் அவ்வகையின. தூண்களைச் சிங்கங்கள் தாங்கி நிற்பது அவன் பணிக்கு அடையாளமாயிற்று.

பனமலைக் கோயிலின் அடித்தளத்தில் கிரந்த எழுத்தில் வடமொழிப் பாக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அசுவத்தாமன் வழிவந்த பல்லவர் குலத்தையும், அக்குலத்தில் தோன்றிய பரமேசுவரனையும், அவன் மகன் இராசசிம்மனையும் அவை போற்றுகின்றன. காஞ்சிக் கல்வெட்டு இம்மரபை இன்னும் விரித்து, பிரமன், ஆங்கிரசர், பிருகற்பதி, சம்யு, பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன், பல்லவன் என நிரல்படுத்துகிறது. அசுவத்தாமன் அந்தணக் குடியில் பிறந்து வில்லேந்திய வீரன். பரத்துவாச கோத்திரத்தார் எனத் தம்மைச் சொல்லிக்கொண்டு வாளும் ஏந்திய பல்லவர்க்கு அவனைவிடப் பொருத்தமான முன்னோன் வாய்த்தல் அரிது. தலைநகரை ஒருமுறை இழந்து மீட்ட குடி, தான் யாரென உலகுக்கும் தனக்கும் உரைத்துக்கொள்ள அப்பழங்கதையைக் கல்லில் ஏற்றியது எனலாம்.

குலத்தைப் பனமலையில் எழுதியவன், தன்னைக் காஞ்சியில் எழுதினான். கைலாசநாதர் கோயில் திருச்சுற்றில் அமைந்த சிறு கோட்டங்களில் அவனுடைய விருதுப் பெயர்கள் 200-க்கும் மேற்பட்டவை வரிசையாகப் பொறிக்கப்பட்டன. இரணசயன் என்பது போர்வெற்றியைச் சொல்லும். ஆகமப்பிரியன் என்பது நூலறிவைச் சொல்லும். வீணாநாரதன் என்பது இசைப்புலமையைச் சொல்லும். சங்கரபக்தன் என்பது சமயப்பற்றைச் சொல்லும். அவன் தேவி அரங்கபதாகையும் அங்கே தன் பெயர் விளங்க ஒரு சிறு கோயில் எடுத்தாள்.

சிவநெறியில் ஊன்றியவனாயினும் அவன் பிற சமயத்தாரையும் மதித்தான். 720-இல் சீன வேந்தனிடம் தூதுவரை அனுப்பினான்; அங்கிருந்து வருவோர் பொருட்டுப் பௌத்தப் பள்ளி ஒன்று எடுத்து, அதற்கு அவ்வேந்தனிடமே பெயர் வேண்டினான் எனச் சீனக் குறிப்புகள் கூறும். அருகப் பெருமான் அடியார்க்கும் பல்லவர் தொடர்பு பழையது. சிம்மவிஷ்ணுவின் தந்தை சிம்மவர்மன், பருத்திக்குன்றின் வச்சிரநந்தி முனிவர்க்கு நிலம் அளித்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு பதிந்துள்ளது. அதே திருப்பருத்திக்குன்றத்தில் உள்ள சந்திரப்பிரபர் கோயிலில் இராசசிம்மன் வகுத்த கட்டடப் பாணியை இன்றும் காணலாம்.

பூசலார் வரலாற்றில் வரும் காடவர் கோமான் இவனே என்பது அறிஞர் பலரின் துணிபு. கச்சியில் கற்றளி எடுத்த மன்னன் குடமுழுக்குக்கு நாள் குறித்தான். அதே நாளில் திருநின்றவூரில் அன்பர் ஒருவர் மனத்துள் எழுப்பிய கோயிலுக்கு இறைவன் எழுந்தருள்வதாகக் கனவில் அறிந்து அவ்வூர்க்கு விரைந்தான். அங்குக் கல்லும் இல்லை, சுதையும் இல்லை. மன்னன் அவ்வன்பரின் அடியில் வீழ்ந்து வணங்கினான். பெருங்கோயில் கட்டியவனே கட்டாத கோயிலின் பெருமையை முதலில் உணர்ந்தான் என்பதே அவ்வரலாற்றின் சுவை.

அவன் மைந்தன் மகேந்திரவர்மன், தந்தையின் கோயிலருகே தானும் ஒரு தளி எடுத்தான். எனினும் அரியணை ஏறினான் அல்லன். மற்றொரு மைந்தன் இரண்டாம் பரமேசுவரவர்மன் சில ஆண்டுகளே ஆண்டான். அவனுக்குப் பின் ஆட்சி வேறு கிளையில் வந்த நந்திவர்மனைச் சேர்ந்தது. பிரமன் முதல் எண்ணிப் பொறித்த வழி, இராசசிம்மன் மறைந்து சில ஆண்டுகளுக்குள் அரசுரிமை இழந்தது. ஆனால் கோயில் நின்றது. பின்னர்க் காஞ்சியை வென்ற சளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் கைலாசநாதர் கோயிற் செல்வத்தைக் கவராது மீண்டும் அக்கோயிலுக்கே அளித்து, அச்செய்தியைக் கன்னட மொழியில் அங்கேயே பொறித்துச் சென்றான். மைந்தரால் காக்க இயலாத பெயரைப் பகைவன் காத்தான்.

பனமலையைக் காணச் செல்வோர் திருநாதர்குன்றையும் காண்பது தகும். இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தாங்கிய அக்குன்றில், இராசசிம்மனுக்கு முற்பட்ட நிசீதிகைக் கல்வெட்டு ஒன்றுண்டு. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உடல் நீத்தார் என்பதே அதன் செய்தி. குலம் இல்லை; விருது இல்லை; ஒரு பெயரும் ஒரு நோன்பும் மட்டுமே உண்டு. தான் யாரென அறிய அரசன் முன்னோரை எண்ணினான். முனிவரோ நாட்களை எண்ணினார். அவன் பற்றியவற்றை அவன் கல் சொல்லும். அவர் விட்டவற்றை அவர் கல் சொல்லும். செஞ்சிக் குன்றுகள் அவ்விரண்டையும் அழியாது காத்து நிற்கின்றன. அவற்றைப் படிக்கும் எழுத்தறிவை அடுத்த தலைமுறைக்கு அளிப்பது இக்காலத்தார் கடன்.