எட்கர் கோட்

எட்கர் பிராங்க் கோட் (1923 – ஏப்ரல் 18, 2003) ஓர் ஆங்கிலேயக் கணினி அறிவியலாளர் ஆவார். வணிக மென்பொருள்களிலும் இணையச் செயலிகளிலும் பெரிதும் பயன்படும் உறவுநிலைத் தரவுத்தளங்களின் அடிப்படைக் கோட்பாட்டை வகுத்தவர் இவரே. 1981 ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இவருக்கு வழங்கப்பட்டது.

வாழ்க்கை

இங்கிலாந்தின் போர்ட்லாந்து தீவில் ஏழு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். ஆக்சுபோர்டு எக்சிட்டர் கல்லூரியில் வேதியியலும் கணிதமும் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் அரச வான்படை விமானியாக இருந்தார். 1948 இல் நியூயார்க் சென்று, பின்னர் ஐபிஎம் நிறுவனத்தில் நிரலாளராகச் சேர்ந்தார். செனட்டர் மெக்கார்த்தியின் பொதுவுடைமை எதிர்ப்பு நடவடிக்கைகளால் வெறுப்புற்று 1953 இல் கனடா சென்ற இவர், சில ஆண்டுகளில் அமெரிக்கா திரும்பினார். 1965 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றபின், ஐபிஎம்மின் சான் ஒசே ஆய்வகத்தில் பணியாற்றினார்.

உறவுநிலை மாதிரி

அக்காலத்தில் இருவகைத் தரவுத்தளங்கள் வழக்கில் இருந்தன. அப்பல்லோ விண்வெளித் திட்டத்திற்காக உருவான ஐபிஎம்மின் ஐஎம்எஸ், தரவுகளை மர வடிவில் அடுக்கியது. சார்லசு பாக்மன் முன்னெடுத்த வலையமைப்பு முறை, பதிவுகளைச் சுட்டிகளால் பிணைத்தது. இரண்டிலும் தரவை அடையும் வழியை நிரலாளரே அறிந்திருக்க வேண்டும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். திருப்பூரை அடுத்த பொங்கலூரில் ஒரு பின்னலாடை நிறுவனம் இருப்பதாகக் கொள்வோம். கொள்முதலாளர், அவருக்குக் கீழே ஆர்டர், அதற்குக் கீழே நிறமும் அளவும் என மர வடிவில் பதிந்தால், ஓர் ஆர்டரின் விவரம் விரைவில் கிடைக்கும். ஆனால் ஒரு சாயப்பட்டறைக்கு எந்தெந்த ஆர்டர்களின் துணி சென்றுள்ளது என்று கேட்டால், மரம் முழுவதையும் அலச வேண்டும். வலையமைப்பில் அதற்கெனச் சுட்டி இட்டிருந்தால் விடை கிடைக்கும். இடாவிட்டால் தரவின் கட்டமைப்பையே மாற்ற நேரும்.

1970 இல் வெளியான தம் கட்டுரையில், தரவுகளை எளிய அட்டவணைகளாக வைக்கும் முறையைக் கோட் முன்மொழிந்தார். ஆர்டர்களுக்கு ஓர் அட்டவணை, சாயப்பட்டறைக்கு அனுப்பிய துணிக்கு ஓர் அட்டவணை; இரண்டையும் இணைப்பது ஆர்டர் எண் மட்டுமே. பயனர் வேண்டியதைக் கேட்டால் போதும், வழியைக் கணினி கண்டறியும். முன்கூட்டி எண்ணாத கேள்விக்கும் விடை கிடைப்பதே இதன் சிறப்பு.

ஏற்பும் மறுப்பும்

ஐஎம்எஸ் நல்ல வருவாய் ஈட்டியதால் ஐபிஎம் இதனை ஏற்கத் தயங்கியது. 1974 இல் கோட்டுக்கும் பாக்மனுக்கும் பொதுமேடையில் விவாதம் நடைபெற்றது. ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் ஆய்வுத் திட்டத்தில் சேம்பர்லினும் பாய்சும் எஸ்கியூஎல் மொழியை வடிவமைத்தனர். எனினும் ஆரக்கிள் 1979 இலேயே சந்தைக்கு வந்துவிட்டது. ஐபிஎம்மின் டிபி2 வந்தது 1983 இல்தான். பெர்க்கிலியில் உருவான இங்கிரெசின் வழிவந்ததே இன்றைய போஸ்ட்கிரெஸ்.

எஸ்கியூஎல் தம் கோட்பாட்டினின்று விலகியது என்பது கோட்டின் குறை. ஒரே வரிசை இருமுறை வருவதை அது அனுமதித்ததை இவர் ஏற்கவில்லை. வணிக நிறுவனங்கள் எதனையும் உறவுநிலை என விற்பதைத் தடுக்க, 1985 இல் பன்னிரு விதிகளை வெளியிட்டார். (சுழியத்திலிருந்து எண்ணப்படுவதால் உண்மையில் பதின்மூன்று.) அவற்றை முழுமையாக நிறைவு செய்யும் வணிகத் தரவுத்தளத்தைக் காண்பது அரிது. 2009 இல் வந்த மோங்கோடிபி போன்றவை மர வடிவை ஒத்த ஆவணங்களுக்கே திரும்பின.

1993 இல் தரவுப் பகுப்பாய்வு பற்றி இவர் எழுதிய அறிக்கை, ஆர்பர் நிறுவனத்தின் பொருளுதவி பெற்றது என்பதால் கண்டனத்துக்கு உள்ளானது.

மறைவு

கோட் தம் 79 ஆம் அகவையில் புளோரிடாவில் இதயச் செயலிழப்பால் காலமானார். தரவுத்தள ஆய்வுக்கான சிக்மாட் புத்தாக்க விருது 2004 முதல் இவர் பெயரால் வழங்கப்படுகிறது.