நாணலின் உறவை அறிந்தவர்

துர்கா பூசைக் காலத்தில் வங்காளத்து ஆற்றங்கரைகளில் வெண்மையாகப் பூத்து அசையும் காஷ் புல்லை நீங்கள் கண்டிருப்பீர்கள். தமிழில் அதனை நாணல் என்பர். அக்காட்டுப்புல் கரும்பின் நெருங்கிய உறவு. அவ்வுறவை ஆராய்ந்த அறிவியலாளருள் ஒருவர் ஜானகி அம்மாள்.

அவர் 1897ஆம் ஆண்டு தலச்சேரியில் பிறந்தார். பெண்கள் கல்லூரிக்குச் செல்வது அரிதாயிருந்த அக்காலத்தில், திருமணத்தைவிடக் கல்வியையே பெரிதெனத் தேர்ந்தார். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். 1931இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

பெற்றோரின் இயல்புகள் பிள்ளைக்கு வரும் முறையை விளக்கும் துறை மரபியல். உயிரணுவிலுள்ள குரோமோசோம் என்னும் நுண்ணிய இழைகள் அவ்வியல்புகளைச் சுமக்கின்றன. அவற்றுள் ஒரு பாதி தாய்வழியும் மறுபாதி தந்தைவழியும் வருவது பொதுவிதி.

கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தார் இனிப்பு மிக்க கரும்பை நாணலோடு முன்பே கலந்திருந்தனர். அக்கலப்பில் பிறந்த கரும்பு இனிப்பையும் பெற்றது. நாணலின் உறுதியையும் பெற்றது. 1934இல் அங்குப் பணியேற்ற ஜானகி அம்மாள், நுண்ணோக்கியின் வழியே குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து கண்டார்.

பின்னர் இங்கிலாந்து சென்ற அவர், உலகப்போரின் இடையிலும் ஆய்வை நிறுத்தவில்லை. பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து, டார்லிங்டன் என்பவரோடு இணைந்து 1945இல் நூலாக வெளியிட்டார். நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பினார். இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கிடர்பூரிலிருந்து ஹூக்ளி ஆற்றைக் கடந்தால் வரும் சிப்பூர்த் தாவரவியல் பூங்காவிலேதான் அந்நிறுவனம் 1890இல் தொடங்கப்பெற்றது.

காட்டுச்செடி ஒன்று அழிந்தால் அதன் மரபும் உடன் அழியும். பிறகு அதனை எவராலும் உருவாக்க இயலாது. இதனை அறிந்த ஜானகி அம்மாள், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணைத்திட்டத்திலிருந்து காக்க முதுமையிலும் குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

சொற்பொருள்
இயல்பு – தன்மை
அரிது – எளிதில் காணப்படாதது
முதுமை – வயது முதிர்ந்த நிலை

பயிற்சி
1. கலப்பினக் கரும்பு எவ்வெவற்றின் இயல்புகளைப் பெற்றது?
2. காட்டுச்செடிகளை ஏன் காக்க வேண்டும்? மூன்று தொடர்களில் எழுதுக.
3. உங்கள் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் உங்களுக்கு வந்த இயல்புகளைக் கேட்டறிந்து எழுதுக.