ரோசாப்பூ துரை

எங்க அம்மாச்சியிடம் ஜார்ஜ் ஜோசப் யாருன்னு கேட்டேன். தெரியாதுன்னாங்க. ரோசாப்பூ துரைன்னதும் எழுந்து உட்கார்ந்துட்டாங்க. இரண்டு பேரும் ஒருவரே.

இவர் 1887-இல் கேரளாவில் செங்கன்னூரில் பிறந்தார். லண்டனில் சட்டம் படித்து, மதுரையில் வக்கீல் ஆனார். கோட்டில் ரோஜாப்பூ குத்தியிருப்பாராம். அதனால்தான் அந்தப் பேர்.

அப்போது நம்ம தேனியும் மதுரை மாவட்டம்தான். வெள்ளைக்காரர்கள் ரேகைச் சட்டம் கொண்டு வந்தார்கள். பிறமலைக் கள்ளர் ஆண்கள் கைரேகை வைக்கணும், ராத்திரி போலீஸ் காவலில் படுக்கணும். தப்பே செய்யாதவங்களுக்கும் இதே கதிதான். உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-இல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணோடு சேர்த்து 16 பேர் இறந்தார்கள்.

அந்த மக்களுக்காகக் கோர்ட்டில் வாதாடியவர் நம் ரோசாப்பூ துரை. அவர் அந்த ஜாதியும் இல்லை, அந்த ஊரும் இல்லை. 1924-இல் வைக்கம் போராட்டத்திலும் நின்றார். 1938-இல் மதுரையில் இறந்தார். ரேகைச் சட்டம் ஒழிந்தது 1947-இல்தான். அதைப் பார்க்க அவர் இல்லை.

1919 ஜாலியன் வாலாபாக் நமக்கெல்லாம் தெரியும். மறு வருஷமே நம்ம பக்கத்தில் நடந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது. வரும் ஏப்ரல் 3 காலை வழிபாட்டில் 16 பேரின் பெயரையும் வாசிக்கலாமா? டீச்சர், நீங்கதான் சொல்லணும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி